திருநீறு போட்ட கோடு

காருக்குள் பளபளக்கும் கறுப்பு பிளாஸ்டிக் வந்த பிறகு எனக்கு ஓரிடத்தில் உட்காரும் பழக்கமே போய்விட்டது. தொண்ணூறுகளில் நான் திண்டுக்கல்லில் ஒரு சீட் கவர் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதைய டேஷ்போர்டு சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருக்கும். அதன் மேல் சாவிக்கொத்தை வீசலாம், டீ கிளாஸை வைக்கலாம், ஸ்க்ரூடிரைவரைக்கூட வைக்கலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நானும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பைபாஸ் ரோட்டில் ஒரு கார் ஷோரூமில் டெலிவரி பிரிவில் சேர்ந்தேன். சில வருஷங்களில் அந்தக் கறுப்பு வந்து சேர்ந்தது. ஏசி, ஆடியோ, கியர் எல்லாவற்றையும் சுற்றி முகம் பார்க்கிற மாதிரி ஒரு பேனல். கம்பெனிக்காரர்கள் அதைப் பியானோ பிளாக் என்றார்கள். வண்டி கழுவும் எங்கள் ஷெட்டில் அதற்குக் கண்ணாடிக் கறுப்பு என்று பெயர்.

1. கையைப் பார்

அந்த மாடல் வந்த முதல் நாளே மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மதுரைக்காரர், அவசரக்காரர்.

"ரீட்டா, இனிமே கஸ்டமர் மூஞ்சியப் பாக்காத. கையப் பாரு. மோதிரம், வளையல், சாவி, வாட்சு. இந்தக் கறுப்புல பட்டுச்சுன்னா முடிஞ்சுச்சு."

நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். இன்றைக்கும் கோயிலில் ஜெபம் நடக்கும்போது முன் பெஞ்சில் இருப்பவர்களின் மோதிரத்தைத்தான் பார்க்கிறேன். ஃபாதருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்.

இந்தக் கறுப்பைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். துணி கீறுவதில்லை, துணிக்கும் பேனலுக்கும் நடுவில் மாட்டிய தூசிதான் கீறுகிறது. எங்கள் ஊரில் பங்குனி பிறந்தால் காற்றில் பாதி மண்தான். அந்த மண் உட்கார்ந்த பேனலைக் காய்ந்த துணியால் ஒரு தேய் தேய்த்தால் போதும், மெல்லிய கோடுகள் வட்டம் வட்டமாக விழும். அதனால் முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். பிறகு ஈரமான மைக்ரோஃபைபர் துணியை அழுத்தாமல் நேராக இழுக்க வேண்டும். மெக்கானிக்குகள் கிரீஸ் துடைக்கும் பனியன் வேஸ்ட் அந்தப் பக்கமே வரக்கூடாது.

கம்பெனியிலிருந்து வரும்போது பேனல் மேல் ஒரு பிளாஸ்டிக் பிலிம் ஒட்டியிருக்கும். டெலிவரி முடிகிறவரை அது இருந்தால் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும். ஆனால் கஸ்டமர்கள் இரண்டு ஜாதி. ஒரு ஜாதி, மூன்று வருஷம் கழித்து அந்த பிலிம் பழுத்துச் சுருண்டாலும் உரிக்கவிடாது. இன்னொரு ஜாதி, பூஜைக்கு முன்பே உரிக்கச் சொல்லும். "சாமிக்கு மூடி வச்சா காட்டுறது?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

2. வேலுச்சாமி வண்டி

வேலுச்சாமி ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், முருங்கை போடுகிறவர். அவர் குடும்பத்தில் அதுதான் முதல் கார். நல்ல முகூர்த்த நாள் ஒன்றில் மனைவி சரஸ்வதி, அண்ணன் தம்பிகள், மாமன் மச்சான் என்று ஒரு வேன் நிறைய ஆட்களோடு டெலிவரி எடுக்க வந்தார். அவர் பூஜைக்கு முன்பே உரிக்கச் சொல்லும் ஜாதி.

காலையிலேயே பிலிமை உரித்தோம். ஓரத்தில் ஒட்டியிருந்த பசையைச் சின்னராசு துடைத்தார். சின்னராசு எங்கள் ஷெட்டின் மூத்த ஆள். கன்னிவாடியிலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் மகள் அந்த வருஷம்தான் நர்சிங் படிப்பில் சேர்ந்திருந்தாள். துடைத்து முடித்ததும் நான் போய்ப் பார்த்தேன். பேனலில் என் முகம் தெரிந்தது. ஒரு கோடு கிடையாது.

பிறகு பூஜை. சரஸ்வதி பழனியிலிருந்து கொண்டுவந்த திருநீற்றை ஸ்டியரிங்கிலும் மீட்டரிலும் அந்தக் கறுப்பு பேனலிலும் மூன்று விரலால் பட்டையாக இழுத்தார். அதன் மேல் சந்தனம், குங்குமம். வேண்டாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் சாமி காரியத்தில் குறுக்கே பேசினால் வண்டியும் போகும், வேலையும் போகும். அதற்குள் இன்னொரு டெலிவரிக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது, தேங்காய் உடைந்தது, எல்லோரும் காபி குடித்தார்கள்.

காபிக்குப் பிறகு வேலுச்சாமி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முன் கண்ணாடி வழியாக வெயில் நேராகப் பேனலில் விழுந்தது. அவர் கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, இங்க கொஞ்சம் வாங்க. இதென்னங்க?"

எட்டிப் பார்த்தேன். பேனல் முழுக்க மெல்லிய கோடுகள்.

"இது ஓட்டிப் பாக்கறதுக்கு வச்சிருந்த வண்டிங்களா? இல்ல, வேற ஆளுக்குக் குடுத்துத் திருப்பி வாங்குனதுங்களா? நேராச் சொல்லிப்போடுங்க."

"இல்லைங்க சார், புது வண்டிங்க."

"புது வண்டீல எப்படிங்க இத்தன கோடு?"

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் உச்சுக் கொட்டினார். வேலுச்சாமியின் முகம் சிறுத்துவிட்டது. சாவியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, "எனக்கு இந்த வண்டி வேண்டாமுங்க" என்றார்.

மேனேஜர் ஓடி வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாத் தொடச்சது யாரு?"

சின்னராசு ஈரக்கையோடு வந்து நின்றார்.

"பனியன் வேஸ்ட்ல தொடச்சியாப்பா?"

"இல்ல சார். ஈரத்துணிலதான் சார் தொடச்சேன்."

"அப்பக் கோடு தானா வந்துச்சா? நாளைல இருந்து வராத. கெளம்பு."

அத்தனை பேர் முன்னால் சொன்னார். "துடைத்த பிறகு நான் பார்த்தேன் சார், கோடு இல்லை" என்று சொன்னேன். "நீ ஷெட் நெழல்ல பாத்திருப்ப. இந்தக் கோடு வெயில்லதான் தெரியும்" என்றார். அது உண்மைதான். நிழலில் அந்தப் பேனல் எல்லாவற்றையும் மறைக்கும். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சின்னராசு ஷெட் பக்கம் போனார்.

3. ஸ்டோர்ஸில் கிடந்த பேனல்

என்னால் சும்மா நிற்க முடியவில்லை. ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினேன். கோடுகள் எல்லாம் வளைந்து வளைந்து போயிருந்தன. டிரைவர் பக்கத்தைவிடப் பக்கத்து சீட்டின் பக்கம் அதிகமாக இருந்தன. ஏசி ஓட்டையின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ பொடி. விரலில் தொட்டு மோந்து பார்த்தேன். திருநீறு.

பேனல் மேல் இழுத்த மூன்று பட்டை அங்கே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குங்குமப் பொட்டு மட்டும் பாதி அழிந்து இருந்தது. யாரோ துடைத்திருக்கிறார்கள்.

உதிரிபாகம் வைக்கும் ஸ்டோர்ஸில், கிளிப் உடைந்து வந்த அதே மாடல் பேனல் ஒன்று கிடந்தது. ஷோரூம் சாமி படத்துக்கு முன்னால் இருந்த தட்டிலிருந்து திருநீற்றை எடுத்து அதன் மேல் போட்டேன். என் சேலைத் தலைப்பால் துடைத்தேன். வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்தேன். அதே கோடுகள், அதே வளைவு.

மேனேஜர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"சரி, திருநீறுதான். அதுக்கு என்ன செய்யச் சொல்ற? உங்க சாமி திருநீறு வண்டியக் கீறிருச்சுன்னு அந்தாளுகிட்ட நான் போய்ச் சொல்லவா? நீ சர்ச்சுக்குப் போறவ, நீ சொன்னா இன்னும் நல்லா இருக்கும்."

"அப்ப சின்னராசு அண்ணே?"

"கஸ்டமருக்கு ஒரு ஆளக் காட்டணும்ல. பேனல மாத்திக் குடுப்போம், ஆளயும் அனுப்பிட்டோம்னு சொன்னாத்தான் வண்டிய எடுப்பான். செத்த நேரம் சும்மா இரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்னராசு செய்யவில்லை என்று தெரிந்த பிறகும் சின்னராசுதான் போக வேண்டும். நான் சும்மா இருக்கவில்லை.

4. சரஸ்வதி

சரஸ்வதி கஸ்டமர்கள் உட்காரும் இடத்தில் தனியாக இருந்தார். மடியில் மிச்சப் பூ. முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவராகப் பேசினார்.

"ஏனுங்க, நான்தானுங்க தொடச்சேன்."

சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"திருநீறு உதுந்து கீழ விழுந்துதுங்க. புது வண்டி அழுக்காகுதேன்னு முந்தானையில தொடச்சுப்போட்டேன். அப்பவே லேசாக் கோடு தெரிஞ்சுதுங்க. அவருகிட்ட சொல்லப் பயமா இருக்குதுங்க. மொதல் வண்டி. மொத நாளே கெடுத்துப்போட்டா, கை ராசி இல்லாதவன்னு சொந்தமெல்லாம் சொல்லுமுங்க."

அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் சொன்னேன். "அம்மா, எங்க ஆளு ஒருத்தர வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. அந்தா பாருங்க, பையில துணிமணிய எடுத்து வச்சுக்கிட்டு இருக்காரு."

கண்ணாடிக் கதவு வழியாக ஷெட் தெரிந்தது. அவர் பார்த்தார்.

"அவருக்குக் கொழந்தைக இருக்குதுங்களா?"

"ஒரு பொண்ணு. நர்சிங் படிக்குது."

பூவை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். நேராகக் கணவரிடம் போனார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நிற்கும்போதே சொன்னார்.

"அவிங்க மேல தப்பில்லீங்க. திருநீற நான்தான் தொடச்சேன். கோடு என்னாலதான் வந்துது."

வேலுச்சாமி மனைவியைப் பார்த்தார், பிறகு வண்டியைப் பார்த்தார். வண்டிக்குள் குனிந்து பேனலை ஒரு விரலால் தடவினார். அந்த விரலைத் தன் நெற்றியில் இழுத்துக்கொண்டார்.

"பழனித் திருநீறுல வந்த கோடுங்களா? அப்பறம் எதுக்குங்க மாத்தறது. அப்படியே இருக்கட்டும்."

மேனேஜர் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. "நல்ல சகுனம் சார்" என்றார். சாவியை மறுபடியும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். வண்டி கிளம்பியது. சரஸ்வதி மட்டும் ஜன்னல் வழியாக ஷெட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

வண்டி போனதும் மேனேஜர், "சின்னராச வேலையப் பாக்கச் சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் ஷெட்டுக்கு ஓடினேன். சின்னராசு வீட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு பையோடு நின்றார்.

"அண்ணே, பைய வைங்க. பிரச்சன முடிஞ்சிருச்சு."

"கோடு போயிருச்சாம்மா?"

"கோடு அப்படியேதான் இருக்கு. திருநீற அந்தம்மா முந்தானைல தொடச்சதுல வந்துச்சாம். வீட்டுக்காரரு அதத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போறாரு."

அவர் பையைக் கீழே வைத்தார்.

"நான் போட்டதுன்னா வேலையவிட்டுப் போகணும். சாமி போட்டதுன்னா கும்புடுவாங்களாம்மா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த வண்டிக்குக் குழாயைத் திறந்தார்.

சாயங்காலம் வரை பொறுத்துப் பார்த்தேன். மேனேஜர் ஷெட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நானே அவர் அறைக்குப் போய், "சின்னராசு அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க சார்" என்றேன்.

"அதான் வேலையத் திருப்பிக் குடுத்தாச்சே" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து பூஜை முடிகிறவரை பிலிமை உரிப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். சாமிக்கு மூடி வைப்பதா என்று கேட்டவர்களிடம், திருநீறும் சந்தனமும் பூசிய பிலிமை அப்படியே உரித்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றோம். பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளாத வீட்டுப் பெண்கள் கையில் ஈரமான மைக்ரோஃபைபர் துணி ஒன்றை நானே கொடுத்துவிடுவேன்.

இப்போது டெலிவரிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கோடு தெரிந்ததும் 'எப்படி வந்தது' என்று கேளுங்கள். 'யார்' என்று முதலில் கேட்டால், பக்கத்தில் துணியோடு நிற்பவன் பெயர்தான் வாயில் வரும்.