சிவப்பு நாடா கட்டிய அத்திப்பழம்

எங்கள் பேட்டர்சன் தெருவில் சவேரியோ திரிப்போதிக்குக் கோபம் வந்தால் மூன்று வீடு தள்ளி வைத்த பால் திரிந்துபோகும். கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன்; இரண்டு வீடு. ஆனால் அத்திமரத்தின் முன்னால் அந்த மனிதர் குழந்தை. நாற்பது வருடம் கொத்தனாராகக் கல் தூக்கிய கை, காயைத் தொடும்போது மட்டும் பஞ்சாகிவிடும்.

நவம்பர் வந்தால் மரத்துக்குப் பழைய கம்பளம் சுற்றி, கயிறு கட்டி, உச்சியில் ஒரு வாளியைக் கவிழ்த்துவிடுவார். பனிக்காலம் முழுக்க அது தொப்பி போட்ட பாதிரியார் மாதிரி நிற்கும். போன நவம்பரில் அதைச் செய்ய முடியவில்லை. மனைவி ரொசாரியாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். இவர் ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே கிடந்தார். இங்கே மரம் பனியில் தரைமட்டத்துக்குக் கருகிப்போனது. வேரிலிருந்து கிளம்பிய புதுத்தளிர்களில் ஆகஸ்டில் ஒன்பதே காய்.

ரொசாரியா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் நாக்குதான் வரவில்லை. ரொட்டி அட்டையாம், தக்காளிக் குழம்பு வெந்நீராம். சட்டைக்குள் அவளைத் தேட வேண்டியிருந்தது. ஒருநாள் மட்டும் சொன்னாள்: “நம்ம மரத்து அத்திப்பழம்னா ஒண்ணு தின்னு பாப்பேன்.”

அன்றிலிருந்து சவேரியோவுக்கு வேறு வேலை இல்லை. எதிரி, பூனைபோல் கத்துகிற ஒரு சாம்பல் குருவி. வலை போட வழியில்லை. முன்பொரு தடவை வலையில் ஒரு குருவி சிக்கிச் செத்ததும், ரொசாரியா வலையைத் துண்டுதுண்டாக வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டாள். அதனால் பளபளக்கும் தகரத் தட்டுகளைத் தொங்கவிட்டார். குருவி அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

என் கண்தான் வினையாகப் போயிற்று. “அடேயப்பா, எப்படிக் கொழுத்திருக்கு!” என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லிவிட்டேன். ‘கடவுள் காக்கட்டும்’ என்று சேர்த்துச் சொல்ல மறந்துபோனேன். மறுநாள் முதல் பழம் வெறும் தோலாகத் தொங்கியது.

“டீச்சர், உங்க கண்ணு கல்லையும் உடைக்கும்!” என்று என்மேல் பாய்ந்தார் சவேரியோ.

“உடைக்குமுன்னா உங்க நாப்பது வருஷ வேலைய நாலே நாள்ல முடிச்சிருப்பேனே!”

அவர் சிரிக்கவில்லை. கண்ணேறு கழிய, எந்தப் பழம் கழுத்துத் தொய்ந்து மெத்தென்று ஆகிறதோ அதன் காம்பில் ஒரு சிவப்பு நாடா கட்டினார். மறுநாள் அதே பழம் காலி. அடுத்ததற்கு இன்னும் அகலமான நாடா. அதுவும் காலி. ஒன்பது மூன்றாயிற்று. நான் பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டு துணி காயப்போட்டேன்; பாதித் துணி ரோஜாச் செடியில் காய்ந்தது.

மூன்றில் ஒன்று மட்டும் கனியத் தொடங்கியிருந்தது. அவர் நாடா கட்டி நிமிரும்போது ரொசாரியா மேல்மாடி ஜன்னலைத் திறந்தாள்.

“சவேரியோ! அந்தக் குருவி உன் கையத்தான் பாத்துக்கிட்டு இருக்கு.”

“பாக்கட்டுமே.”

“நீ நாடா கட்டுற பழத்துக்குத்தான் அது வருது, மனுஷா! ஒரு வாரமா பாக்குறேன். எது பழுத்துச்சுன்னு நீயே அடையாளம் வச்சுக் குடுக்குற. அது கத்தலை, உனக்கு நன்றி சொல்லுது!”

“அப்போ டீச்சர் கண்ணு?”

“அவளுக்குக் கண்ணாடி போட்டாலும் பாதிதான் தெரியும்.”

பார்வையைப் பழித்தாலும் பழி போனதே என்று இருந்துவிட்டேன்.

“அதை அவுத்துட்டு அந்த ரெண்டு கல்லுக்காய்க்குக் கட்டு” என்றாள். காய்களுக்குப் புது நாடா கட்டினார். பழத்தினுடையதை அவிழ்க்கத்தான் கை வரவில்லை.

“ஒண்ணும் கட்டாம விடுன்னா எப்படி ரொசாரியா? போன வருஷம் இந்த மரத்த அப்படியே விட்டேன். என்ன ஆச்சு பாத்தேல்ல?”

மரத்தைச் சொல்லவில்லை அவர். அது எனக்கே புரிந்தது.

அவள் ஜன்னல் வழியே கையை நீட்டினாள். “அந்த நாடாவ மேல கொண்டா. நான் கட்டிக்கிறேன்.”

அந்த மெலிந்த மணிக்கட்டில் அது மூன்று சுற்று வந்தது.

மறுநாள் குருவி நாடாவை நம்பிக் கல்லுக்காயைக் கொத்தியது. அலகெல்லாம் வெள்ளைப் பால். நேரே தேவாலயத்துக்குப் பறந்துபோய் சவேரியோவின் மேல் புகார் கொடுத்ததாகக் கேள்வி. இலைக்கு அடியில் நாடா இல்லாத பழம் நிம்மதியாகக் கனிந்து, மூன்றாம் நாள் காலை அடியில் ஒரு சொட்டுத் தேன் விட்டது.

அவர் அதைத் தட்டில் வைத்து இரண்டு கையாலும் ஏந்திப் போனார். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டார். ரொசாரியா எதைத் தின்றாலும் பாதியை அவருக்கு வைப்பவள். அன்று தோலையும் விடவில்லை, காம்பைக்கூடச் சப்பினாள்.

“எனக்கு ஒரு வாய் வைக்கலியே” என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவள் விரலை நக்கியபடி கேட்டாள்: “மிச்சம் ரெண்டும் எப்போ பழுக்கும்?”