நறநறவென்ற சத்தம்

அக்கா ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருடம் புத்தகம் தைத்தாள். கல்யாணம் வேண்டாமென்று தனியாகவே இருந்துவிட்டாள். ஒருநாள் காகிதக் கட்டுகளுக்கு நடுவே சிறகொடிந்து விழுந்த கிளியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒரு வேலையும் செய்யாமல் நாள் முழுக்க எல்லோரையும் பார்த்துக் கத்தியதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள்.

சாயங்காலம் வந்ததும், விரல்களில் காய்ந்த பசையை உரித்தபடி கூண்டருகே உட்கார்ந்துவிடுவாள். இருட்டத் தொடங்கினால் மேனேஜர் இறகை உப்பிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி வயிற்றில் செருகிக்கொண்டு, அலகை நறநறவென்று அரைக்கும்.

நான் படித்தவன். எதற்கும் ஒரு விளக்கம் சொல்லாமல் இருக்க மாட்டேன்.

“வெளிய விடுன்னு ஒத்தக்கால்ல நிக்குதுக்கா. உன்னைப் பார்த்தாதான் இப்படி நறநறன்னு பல்லைக் கடிக்குது. அவ்வளவு கோவம்.”

“பல்லே இல்லாத பய எதைடா கடிப்பான்?” என்று சிரித்தாள்.

ஆனால் மறுநாள் தீனி வைத்த கையோடு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். “பறக்க முடியாதவனை எங்க விடுறது? என் மூஞ்சியப் பார்க்காமலாவது நிம்மதியா தூங்கட்டும்” என்றாள். அதன் பிறகு அவள் கூண்டருகே உட்காரவே இல்லை.

ஐந்து மாதம் கழித்து இதயம் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தாள். கிளி என் வீட்டுக்கு வந்தது.

“மேனேஜருக்கு இன்னும் கோவம் தீரலையாடா?”

“இப்பல்லாம் சத்தமே இல்லக்கா. கோவமெல்லாம் போயிடுச்சு.”

“அப்பாடா! என்னைப் பிடிக்காட்டியும் உன்னையாவது பிடிச்சுதே” என்றாள். இரண்டு நாளில் போய்விட்டாள்.

போன வாரம் கிளிக்கு நகம் வெட்டக் கால்நடை டாக்டரிடம் போனேன். அதன் பழைய கோபத்தை வேடிக்கையாகச் சொன்னேன். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“கோவமா? யாரு சார் சொன்னது? சுகமா தூக்கம் வர்றப்போ அலகை அப்படித்தான் அரைக்கும். காலைத் தூக்கி வச்சுக்கிறதும் அதனாலதான். பக்கத்துல பிடிச்சவங்க இருந்தா இன்னும் நிம்மதியா செய்யும். இப்பவும் பண்ணுதா?”

“இல்லை.”

“யாராவது கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காருங்க சார். பாவம்.”

ஒரு வாரமாக உட்காருகிறேன். மேனேஜர் தூங்குவதில்லை. இரண்டு கண்ணையும் திறந்துவைத்து என்னையே பார்க்கிறது.