பாப்பா சாப்பிடலாம்

இரண்டு விரல் அகலம், ஆள்காட்டி விரல் நீளம். அக்கா வெட்டும் லேபிள் எப்போதும் அந்த அளவுதான். நகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டரின் பின்பக்கத்தை வெட்டி, கறுப்பு மார்க்கரில் எழுதுவாள். சோறு வடித்த கஞ்சியைச் சுண்டக் காய்ச்சி, விரலால் தடவி டப்பாவின் மேல் ஒட்டுவாள். காய்ந்த பிறகு அசையாது. ஆனால் ஈரத்துணியை அரை நிமிடம் வைத்தால் கறையோ பிசுக்கோ இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கடை ஸ்டிக்கரை அவள் வீட்டுக்குள் விட்டதில்லை. அது பாதி உரிந்து பாதி நிற்கும், பழைய பேர் புதுச் சாமான் மேல் உட்கார்ந்துகொள்ளும் என்பாள்.

இத்தனைக்கும் காரணம் பாப்பா, அக்காவின் ஒரே மகள். இரண்டு வயதில் யாரோ ஆசையாகக் கொடுத்த கடலை மிட்டாயைக் கடித்து, உதடு வீங்கி, மூச்சுக்குத் திணறி, ஒரு பகல் முழுவதும் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வேர்க்கடலை இந்தக் குழந்தைக்கு ஆகவே ஆகாது, அடுத்த முறை இதைவிட மோசமாகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் சமையலில் வேர்க்கடலை எங்கேதான் இல்லை? சட்னியில், பொடியில், எண்ணெயில், கோயில் சுண்டலில்கூட இருக்கிறது. அக்கா தன் கையால் அரைத்த, வறுத்த சாமான்களில் மட்டும் 'பாப்பா சாப்பிடலாம்' என்று எழுதி ஒட்டினாள். லேபிள் இல்லாத எதையும் குழந்தை தொடக்கூடாது. டப்பா காலியானால் கழுவுவதற்கு முன்பே லேபிளை உரித்துவிட வேண்டும். "ஒட்டுறதவிட உரிக்கிறதுதான்டி முக்கியம்" என்று என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

எனக்கு அப்போது தாம்பரத்தில் வேலை கிடைத்த புதிது. சிட்லபாக்கத்தில் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். மாமா வேலை விஷயமாக வெளியூரில் இருந்தார். அலமாரியில் வரிசையாக நிற்கும் லேபிள்களைப் பார்த்து, "இது சமையலறையா, ரேஷன் ஆபீஸா?" என்று கேலி செய்வேன். பயம் அவளுடையது, கேலி என்னுடையது. அப்படித்தான் அந்த வீட்டில் நான் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா நிறைய இட்லிப் பொடி அரைத்து, ஒரே மாதிரியான மூன்று எவர்சில்வர் டப்பாக்களில் நிரப்பி, மூன்றிலும் லேபிள் ஒட்டினாள். அதில் ஒன்றை எதிர்வீட்டு டீச்சருக்குக் கொடுக்கச் சொன்னாள். ரிட்டயர் ஆகித் தனியாக இருப்பவர், பாப்பா மேல் உயிரையே வைத்திருந்தார், ஆனால் அவளுக்குக் கடலை ஆகாது என்பது அவருக்குத் தெரியாது. "லேபிள உரிச்சிட்டுக் குடு" என்றாள் அக்கா. ஈரத்துணியைத் தேட எனக்குச் சோம்பல். அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டீச்சர் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிறவர் இல்லை. நம் பக்கத்தில் யார்தான் தருவார்கள், ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். பத்து நாள் கழித்து நான் ஆபீஸிலிருந்து திரும்பும்போது கேட்டில் நிறுத்தி, "டப்பா இந்தாம்மா, உள்ள மட்டும் தொடச்சிட்டு அதுலயே நானும் கொஞ்சம் பொடி பண்ணிப் போட்டிருக்கேன், உங்க அக்காகிட்ட குடு" என்றார். நான் போனில் பேசிக்கொண்டே தலையாட்டி வாங்கினேன். பேச்சு முடியாமலே உள்ளே போய், டப்பாவை அலமாரியில் வைத்தேன். அக்காவிடம் சொல்ல மறந்தேபோனேன்.

மறுநாள் காலை, ஜலதோஷத்தில் மூக்கடைத்திருந்த அக்கா இட்லிக்குப் பொடியைக் குழைத்து, தன் கையாலேயே பாப்பாவுக்கு ஊட்டினாள். நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். "அம்மா, நாக்கு அரிக்குது" என்று பாப்பா சொன்னது கேட்டது. திரும்பிப் பார்த்தபோது உதடு தடித்திருந்தது. கொஞ்ச நேரத்தில் கண் இடுங்கி, மூச்சு விசில் மாதிரி வர ஆரம்பித்தது. அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். வீட்டுச் சாவியை எடுக்கச் சமையலறைக்குள் போனேன். மேடையில் டப்பா திறந்து கிடந்தது. வறுத்த வேர்க்கடலை வாசனை. மேலே அக்காவின் அழகான எழுத்தில் 'பாப்பா சாப்பிடலாம்'. சாவியை எடுத்துக்கொண்டு ஓடி, அக்கா நிறுத்தியிருந்த ஆட்டோவில் ஏறினேன்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா ஆச்சு கொழந்தைக்கு? கெட்டியா புட்ச்சுக்கோ, அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு விடாமல் ஹாரன் அடித்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்த மூச்சு வருமா என்று நான் பாப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆயுளில் அவ்வளவு நீளமான ஐந்து நிமிடம் வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டே டாக்டர் கேட்டார், "என்ன சாப்பிட்டா?" அக்கா அழுதுகொண்டே சொன்னாள்: "பொடி டாக்டர். கடலை எதுவும் சேர்க்கல. நானேதான் அரைச்சேன், நானேதான் ஊட்டினேன்." நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பாப்பா பிழைத்துக்கொண்டாள். மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்துவிட்டோம். அதற்கு முன்பே, துணி எடுத்துவருகிறேன் என்று வந்து, அந்தப் பொடியைக் கொட்டி, டப்பாவைக் கழுவி, லேபிளை உரித்துவிட்டேன். என்ன சுலபமாக வந்தது! அதன் பிறகு கேட் திறக்கும் சத்தம் கேட்டாலே நான்தான் முதலில் வாசலுக்கு ஓடுவேன். டீச்சர் வந்து, பொடி எப்படியிருந்தது என்று கேட்டுவிட்டால்? அக்காவோ தன்னையே குடைந்துகொண்டிருந்தாள். பொட்டுக்கடலையில் கலப்படமா, மிக்ஸி ஜாரில் ஏதாவது ஒட்டியிருந்ததா என்று விடாமல் யோசித்தாள். எல்லா டப்பாவையும் கவிழ்த்துக் கொட்டினாள். லேபிள் எழுத உட்கார்ந்து, எழுதாமலே மார்க்கரை மூடிவைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மதியம் தயிர்சாதத்தைப் பிசைந்து என்னிடம் நீட்டினாள். பாப்பா, "அம்மாதான் ஊட்டணும்" என்று அடம்பிடித்தாள். "வேணாம்டா கண்ணு, அம்மா கை சரியில்ல. சித்தி ஊட்டுவா" என்றாள் அக்கா. கிண்ணம் என் கையில் இருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. டீச்சர், டப்பா, உரிக்காத லேபிள், கொட்டிய பொடி, எல்லாவற்றையும் அங்கேயே நின்று சொல்லிவிட்டேன்.

அறைவாள் என்று நினைத்தேன். வீட்டை விட்டுப் போ என்பாள் என்று நினைத்தேன். அவள் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். "அப்போ நான் இல்லையாடி? என் கை இல்லையா?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். பிறகு எழுந்து முகம் கழுவி, என்னிடமிருந்து கிண்ணத்தை வாங்கி, பாப்பாவுக்கு ஊட்டினாள். அன்று மாலையே டீச்சரிடம் போய், அவர் மனம் நோகாதபடி பக்குவமாக விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தாள்.

பாப்பா இப்போது எட்டாவது படிக்கிறாள். நான் கல்யாணமாகிப் பொழிச்சலூரில் இருக்கிறேன், ஞாயிறுதோறும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அலமாரியில் வெள்ளைத் துண்டுகள் முன்போலவே வரிசையாக நிற்கின்றன. லேபிளை உரிக்காததற்கும், டப்பா வந்ததைச் சொல்ல மறந்ததற்கும் அவளிடம் பலமுறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். "போடி, யாருக்கும் மறக்கும்" என்பாள். மறந்தது ஒரு நாள்தான். தெரிந்தே அவளைத் தவிக்கவிட்டது மூன்று நாள். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. போன வாரம் சமையலறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, "ஏய், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று திரும்பினாள். அந்த மூன்று நாளைப் பற்றித்தான் என்று நினைத்து, கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். "உளுந்து தீர்ந்துபோச்சு, போய் வாங்கிட்டு வர்றியா?" என்றாள்.