நான் நனைந்த மழை

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகர நூலகத்துக்கு ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் வந்திருந்தார். ஆங்கிலேயச் சிற்றூர்களைப் பற்றியே நாவல்கள் எழுதிப் புகழ்பெற்றவர். "அங்கே நான் வாழ்ந்ததே இல்லை, எல்லாம் கற்பனைதான்" என்றார். கைதட்டல் அடங்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் அவருடைய ஜெர்மன் பதிப்பாளரிடம் என் நாவலைப் பற்றிச் சொன்னேன். நான் பிறந்து வளர்ந்த ஜெர்மன் கிராமத்தின் கதை அது.

"உங்கள் யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதலாமே?"

"நான் அதைப் பார்த்ததே இல்லை."

"கற்பனை செய்யுங்கள்" என்று சிரித்தார்.

வெட்கக்கேடு, நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன்: "யாழ்ப்பாணத்தில மழை பெய்தால் எப்பிடி மணக்கும்?"

"ஏன் பிள்ளை, நீ நனைஞ்ச மழையை எழுத ஏலாதோ?"

யாழ்ப்பாண நாவல் வெளிவந்துவிட்டது. அதில் பெய்யும் மழையை எல்லோரும் பாராட்டுகிறார்கள். நான் நனைந்த மழை இன்னும் மேசையின் இழுப்பு லாச்சிக்குள் கிடக்கிறது.