மாற்றுப் பந்து

அந்த வருடம் மலாயாவில் லாபு பக்கத்து ரப்பர்த் தோட்டத்தின் காற்பந்துக் குழு தோற்காத ஆட்டமே இல்லை. ஒரு கோல்கூடப் போட்டதில்லை. குழுத் தலைவனும் கோல் காப்பவனுமான அமிர்தலிங்கத்தை ரப்பர்ப் பால் நிறுக்கும் இடத்தில் பெண்கள்கூட விடவில்லை. "பந்து வந்தா ஒதுங்கி வழிவிடுற மரியாதக்காரரு" என்றார்கள். அவன் சிரித்து மழுப்புவான். உள்ளுக்குள் எரியும்.

ஆனால் கடைசி ஆட்டம் நெருங்கியபோது அவனை அரித்தது தோல்வியல்ல, தங்கை மயிலம்மாள். கோலா சாவா தோட்டமொன்றில் வாக்கப்பட்டவள். தலைச்சன் பிள்ளை, ஏழாம் மாதம். பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டதால், பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிறந்த வீட்டார் கொண்டுபோகும் கட்டுச்சோறு அண்ணன் கையிலிருந்துதான் போக வேண்டும். போகாவிட்டால் நாதியற்றவள் என்று மாமியார் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அவசரகாலம் அது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, வாசலைத் தாண்டி ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். பிடிபட்டால் சிறை. மரம் சீவப் போகிறவர்களே காய்ந்த வயிற்றோடுதான் போனார்கள். புத்தியுள்ளவன் எவனும் நிலைமை சரியாகட்டும் என்று இருந்திருப்பான். பிள்ளை அதுவரை வயிற்றிலேயே காத்திருக்குமா? அமிர்தலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கடைசி ஆட்டம் மயிலம்மாளின் தோட்டத்தில்தான். வெளித்தோட்டத்துக்கு ஆடப்போகும் குழு ஒரு மாற்றுப் பந்து கொண்டுபோக வேண்டும். இல்லாத குழு தோற்ற குழு என்பது போட்டிச் சட்டம். அந்த வருடம் யாரும் அதைக் கேட்டதில்லை. வலைப்பையில் போகும், வலைப்பையில் வரும். அந்தத் தோல்பந்தின் வாரைப் பிரித்து, உள்ளேயிருந்த காற்றுப்பையை அவன் உருவிப் போட்டான். மனைவி பஞ்சாலை பங்கீட்டரிசியில் புளிச்சோறு கிளறி, சின்னச் சின்னப் பொட்டலங்களாக இலையில் கட்டித் தந்தாள். ஒவ்வொன்றாகத் திணித்தான்.

"மாட்டிக்கிட்டா என்னா சொல்லுவீங்க?"

"பந்துன்னு சொல்லுவேன் லா."

"சொல்லுங்க, சொல்லுங்க. நல்லெண்ண வாசம் ஊரையே கூட்டுது."

தோட்ட வாசலில் காவலுக்கு நின்ற மாயாண்டி எல்லாருடைய பைகளையும் உதறினான். வலைப்பையை மட்டும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "தோக்குறதுக்கு ரெண்டு பந்து வேறயா?" என்று சிரித்தான். லோரி கிளம்பிய பிறகுதான் அமிர்தலிங்கத்துக்கு மூச்சே வந்தது.

ஆட்டம் தொடங்கியதும் அந்தப் பந்தைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். முன்னால் வரும் பந்தைப் பார்ப்பதா, பின்னால் இருக்கும் பந்தைப் பார்ப்பதா? எறும்புகள் வேறு மோப்பம் பிடித்து வரிசையாக வந்துவிட்டன. காலால் தேய்த்துத் தேய்த்து விரட்டினான். திடலோரம் துப்பாக்கியோடு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள்.

அன்றைக்குப் பார்த்துத்தானா அவன் குழுவின் முருகையா கோல் போட வேண்டும்! காற்பந்தென்றால் சோறு தண்ணி வேண்டாம் என்கிற பையன். சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு திடல் முழுக்க ஓடினான். அமிர்தலிங்கமும் சோற்றை மறந்து குதித்தான். இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும், மானத்தோடு வீடு திரும்பலாம்.

அப்போது எதிரணிக்காரன் உதைத்த பந்து எகிறிப் போய் முள்கம்பியில் குத்தி வெடித்தது.

"மாத்துப் பந்து எங்க?" என்றார் நடுவராக இருந்த, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி.

"இதோ இருக்கு சார்!" முருகையா ஓடி வந்தான்.

அமிர்தலிங்கம் பாய்ந்தான். அந்த வருடம் எந்தப் பந்துக்கும் அவன் அப்படிப் பாய்ந்ததில்லை. வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டான்.

"இது ஓட்டப் பந்து. காத்து நிக்காது."

"குடுங்கண்ணே, அடிச்சுப் பாப்போம்."

"நிக்காதுன்னா நிக்காது லா!"

கத்தலைக் கேட்டுப் போலீஸ்காரர்கள் திரும்பினார்கள். முருகையா கையை எடுத்துவிட்டான். கிராணி ஊதலை ஊதி, வெற்றி உள்ளூர்க் குழுவுக்கு என்றார். அமிர்தலிங்கம் பந்தை இன்னும் இறுக்கிக்கொண்டான். அந்த வெற்றி அவனுக்கும்தான் வேண்டியிருந்தது.

லோரி புறப்படுவதற்குள் தங்கை குடியிருந்த லயத்து வீட்டுக்கு ஓடினான். வாரைப் பிரித்து, நசுங்கிய பொட்டலங்களை அவள் மடியில் கொட்டினான். மயிலம்மாள் அழுதுகொண்டே அள்ளி அள்ளித் தின்றாள். சற்று நேரம் முறைத்து நின்ற மாமியார், "எனக்கும் ஒரு வாய் குடுடி" என்று கையை நீட்டினாள்.

திரும்பும் வழியில் லோரியில் யாரும் அவனோடு பேசவில்லை. "ஆட்டத்த வித்துட்டாரு" என்றான் முருகையா. அமிர்தலிங்கம் வாயைத் திறக்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு சொல் எந்தக் காது வழியாக எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? மறு வருடம் குழுவில் அவனுக்கு இடமில்லை. முருகையா அவனை எதிரில் கண்டால் வேறு பாதையில் போவான். ஒரே லயத்தில் இருந்துகொண்டு வருடக்கணக்கில் அப்படியே.

முள்கம்பியைப் பிரித்தெடுத்த பிறகு வந்த மாரியம்மன் திருவிழாவுக்கு மயிலம்மாள் மகனோடு வந்தாள். இனி என்ன பயம்? பந்தலில் எல்லார் முன்னாலும் பந்துச்சோற்றுக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். முருகையா மட்டும் சிரிக்கவில்லை. பந்தல் காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த பிள்ளையையே பார்த்தபடி இருந்தான். பிறகு எழுந்துபோய் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அமிர்தலிங்கத்தின் முன்னால் வந்து நின்றான்.

"அப்ப, நான் போட்ட கோலு இவந்தானாண்ணே?"

அமிர்தலிங்கம் ஆமென்று தலையை ஆட்டினான்.