மக்காச்சோளக் களத்தில் ஒரு ரிமோட் கார்

நான் பஸ் கண்டக்டர். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கென்று ஒரு ரிமோட் கார் வாங்க ஆசை வந்தது. உடைந்தால் தூக்கிப் போடும் பொம்மை இல்லை. ஸ்பேர் வாங்கி மாட்டி ஓட்டும் வகை. பல மாதம் காசு சேர்த்துத் திண்டுக்கல்லில் ஒரு கடைக்குப் போனேன்.

"யாருக்குண்ணே?" என்றார் கடைக்காரர்.

"மகனுக்கு" என்று வாயில் வந்துவிட்டது.

"எங்க வச்சு ஓட்டுவாப்ல?"

"வீட்டு டைல்ஸ்லதான்."

என் காசுக்குப் பெரிய டயர் வண்டியும் இருந்தது. அவரோ என் பொய்க்குப் பொருத்தமாக, தரையோடு ஒட்டிக் கிடக்கும் காரை எடுத்துக் கொடுத்தார். மறுக்கத் தெம்பில்லை.

சாணார்பட்டிப் பக்கம் எங்கள் தெருவெல்லாம் ஜல்லி. பத்தடி போகுமுன் கார் அடிதட்டி நின்றது. சமமான தரை என்றால் சிமெண்டுக் களம்தான். அங்கே பக்கத்து வீட்டு மேரியக்கா மக்காச்சோளம் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"கையில என்னப்பு?"

"மகனுக்கு வாங்குனேங்க்கா."

"அவன்தான் வேலைக்குக் கோயமுத்தூர் போயிட்டானே."

அவர் சிரிக்கவில்லை. பலகையால் சோளத்தை ஒதுக்கி, களத்தைச் சுற்றிக் கார் போகுமளவு தடம் போட்டார். "செத்த நேரம் ஓட்டு. பொழுது சாயவும் அள்ளணும்."

இரண்டு சுற்று ஓட்டியபின், "எனக்குத்தாங்க்கா" என்றேன்.

"தெரியுது. திருப்பத்துல மெதுவாப் போ."

கடையில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் பெரிய டயர் கிடைத்திருக்கும். எனக்கென்று எதையும் கேட்டுப் பழகாத வாய் இது.