எனக்கு மாற்றாக நின்றவள்

இத்தாலியின் பலேர்மோ நகரில் எங்கள் சனங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் சின்யோரா, அதாவது எசமானி, வீட்டு வேலைக்கு ஓர் ஆளை மாற்றாக நிறுத்திவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள். ஆளைத் தெரிந்தெடுப்பதில்தான் சூட்சுமம். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி உள்ள கெட்டிக்காரியை நிறுத்தினால் வேலை அவளுடையதாகிவிடும். அது இல்லாதவளென்றால் பயமில்லை. அவளை எந்தச் சின்யோரா நிரந்தரமாக வைத்திருப்பாள்?

மன்னாரிலிருந்து வந்திருந்த ஒரு பிள்ளையைக் கால்சாப் பகுதியில் இருக்கும் என் வீட்டில் சேர்த்துக்கொண்டது அதற்காகத்தான். எங்கள் கோயில் பங்கில் யாருக்கும் இந்த நோக்கம் தெரியாது. தமிழ்ப் பூசை முடிந்து, பேப்பர் இல்லாதவர்களுக்கு நாங்கள் இடம் கொடுக்கலாமா என்று வாக்குவாதம் வந்தபோது நான்தான் எழும்பினேன்.

"நாங்களும் ஒண்டுமில்லாமல் வந்து இறங்கின ஆக்கள்தானே? யேசு எங்களிட்டைப் பேப்பரே கேக்கப்போறார்?"

சுவாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கே புல்லரித்தது. என் வாய்க்கு என்ன குறை!

அவளை மாற்றாக நிறுத்திவிட்டு ஊருக்குப் போன நான் திரும்பியதும் என் சின்யோரா காப்பி ஊற்றித் தந்து உட்காரச் சொன்னாள். அந்தப் பிள்ளை ஊட்டினால் தன் வயதான தாய் அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளாம். வக்கீலைப் பிடித்து அவளுக்குப் பேப்பர் எடுத்துக் கொடுக்கப்போகிறாளாம். உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது, இரண்டு பேரும் இருங்கள் என்றாள். இன்று இரண்டு பேர், நாளை ஒருத்தி!

அவளுக்கு ஊரில் வழக்கு இருக்கிறது, பொலிஸ் விசாரித்தால் உங்களையும் இழுப்பார்கள் என்று சொல்லிவிட்டேன். வழக்குமில்லை, மண்ணுமில்லை. சின்யோராவின் முகம் வெளிறியது. பேப்பர் பேச்சு அதோடு நின்றது.

அவள் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறாள். நேற்றுப் பின்னேரம் என் சேலையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். இந்த ஞாயிறு, நாடுவிட்டு வந்தவர்களுக்கான மன்றாட்டை நான் வாசிக்க வேண்டும் என்று சுவாமியார் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, பேப்பர் எடுத்துத் தாறன் எண்டு சின்யோரா சொன்னவா. பிறகு ஒரு கதையும் இல்லை. நீங்கள் ஒருக்கா அவவோடை கதைச்சுப் பாக்கிறியளே? நீங்கள் சொன்னா அவ கேப்பா."

சீ, நானும் ஒரு மனிசியா! நான் சொன்னதைக் கேட்டுத்தானே சின்யோரா உன்னைக் கைவிட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஓம், கதைக்கிறன்" என்றேன்.

அவள் சந்தோசத்தில் சேலைக் கரையை இன்னொரு தரம் அழுத்தித் தேய்த்தாள்.